உள்ளரங்கப் படங்களுக்கு எந்த ரெண்டரர்? என் அறையின் உட்கூரை ஏன் செத்துக் கிடக்கிறது?

#1 – சாளரவெளிச்சம்

வணக்கம். வீட்டு உள்ளரங்க வடிவமைப்பாளர்களுக்குக் காட்சிப்படங்கள் செய்து தருவது என் தொழில். மாடலிங் முழுவதும் ஸ்கெட்ச்அப் என்ற முப்பரிமாண மென்பொருளில்தான். இதுவரை ஒரு ரியல்டைம் ரெண்டரரை (மாடலை உடனுக்குடன் ஒளியூட்டிப் படமாக்கும் மென்பொருள்) வைத்தே காலத்தை ஓட்டிவிட்டேன். வேகம் போதுமானதாக இருந்தது, யாரும் குறை சொன்னதில்லை.

போன மாதம் ஒரு வரவேற்பறை. ஒரே ஒரு பெரிய ஜன்னல், அடர்ந்த வால்நட் மரத்தரை, மூன்று வெள்ளைச் சுவர்கள், வெள்ளை உட்கூரை, சாம்பல்நிற சோபா, ஜன்னலுக்கு லினன் திரைச்சீலை. படத்தைப் பார்த்த வாடிக்கையாளர் அரை நிமிடம் பேசவில்லை. பிறகு, "அட்டையில் வெட்டி ஒட்டிய வீடு மாதிரி இருக்கிறது" என்றார். அவர் சொன்னது சரிதான். ஜன்னலோரம் அழகாக இருக்கிறது. ஆனால் உட்கூரையின் உள்மூலை அழுக்குச் சாம்பலாகச் செத்துக் கிடக்கிறது. சோபா தரையில் உட்காரவில்லை, மிதக்கிறது.

ஆகவே மாறலாம் என்று முடிவு செய்துவிட்டேன். கொரோனா, வி-ரே, பிளெண்டரின் சைக்கிள்ஸ், டி5 ரெண்டர் ஆகிய நான்கும் பட்டியலில் இருக்கின்றன. கணினியில் 16 கோர் சிபியு, 64 ஜிபி நினைவகம், 12 ஜிபி கிராபிக்ஸ் அட்டை. மாதத்துக்கு ஏழெட்டு அறைகள், அறைக்கு மூன்று கோணங்கள். உள்ளரங்கத்தையே தொழிலாகச் செய்பவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். இணையத்தில் இருக்கும் ஒப்பீடுகள் பெரும்பாலும் கட்டடத்தின் வெளித்தோற்றத்தை வைத்தே செய்யப்பட்டிருக்கின்றன.

#2 – நான்காம்சுவர்

கொரோனா. யோசிக்கவே வேண்டாம். அமைப்புகளைத் தொடாமலே அறை அறையாக வந்துவிடும். எட்டு வருடமாக அதில்தான் இருக்கிறேன்.

#3 – தச்சுப்பட்டறை

நான்காம்சுவர், அவர் ஸ்கெட்ச்அப்பில் வேலை செய்கிறார். கொரோனா 3டிஎஸ் மேக்ஸுக்கும் சினிமா 4டி-க்கும் மட்டுமே உண்டு. கொரோனாவுக்குப் போங்கள் என்றால் மாடலிங் மென்பொருளையும் மாற்றுங்கள் என்று பொருள். அதைச் சொல்லாமல் விடக் கூடாது.

#4 – கதிர்த்தடம்

சாளரவெளிச்சம், மென்பொருளுக்குப் போகும் முன் உங்கள் உட்கூரையைப் பார்த்துவிடுவோம். எனக்கு அதில் ஒரு சந்தேகம் இருக்கிறது.

வானம் மேலே இருக்கிறது. ஜன்னல் வழியாக வரும் வானத்து ஒளி கீழ்நோக்கித்தான் இறங்கும். தரையில் விழும், சுவரின் கீழ்ப்பாதியில் விழும். உட்கூரையில் நேரடியாக விழ வழியே இல்லை. உட்கூரைக்கு வெளிச்சம் முக்கியமாக இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. ஒன்று அறையின் தரை. மற்றொன்று வீட்டுக்கு வெளியே இருக்கும் நிலம். வெயில்பட்ட முற்றமோ நடைபாதையோ கீழிருந்து மேலே ஒளியை எறியும். உங்கள் தரை அடர் வால்நட். அப்படிப்பட்ட தரை தன்மேல் விழும் ஒளியில் பத்தில் ஒரு பங்கைத்தான் திருப்பிக் கொடுக்கும். மீதியை விழுங்கிவிடும். வெளியே என்ன வைத்திருக்கிறீர்கள்? பெரும்பாலோரைப் போல ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் இல்லாமலோ, கறுப்பான ஒரு தளத்துடனோ விட்டிருந்தால் உட்கூரை எந்த ரெண்டரரிலும் செத்துத்தான் கிடக்கும்.

அடுத்தது வெள்ளைச் சுவர். அதற்கு என்ன மதிப்பு கொடுத்தீர்கள்? ஆர்ஜிபி நிற அளவில் 255 என்று வைப்பவர்கள் நிறையப் பேர். நல்ல வெள்ளைப் பெயின்ட் உண்மையில் ஒளியில் ஏறத்தாழ 80 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. அது ஆர்ஜிபி அளவில் 231-க்குப் பக்கம். "231-க்கும் 249-க்கும் என்ன பெரிய வித்தியாசம்" என்று தோன்றும். 249 என்பது 95 சதவீதம். முழுக்க மூடிய ஒரு பெட்டியைக் கற்பனை செய்யுங்கள். உள்ளே ஒளி சுவருக்குச் சுவர் துள்ளிக்கொண்டே இருக்கிறது. 0.8 சுவரில் எல்லாத் துள்ளல்களையும் கூட்டினால் முதல் ஒளியைப் போல 5 மடங்கு. 0.95 சுவரில் 20 மடங்கு! கண்ணுக்குத் தெரியாத அந்தச் சிறு வித்தியாசம் அறையின் ஒளியையே நான்கு மடங்காக்குகிறது. ஜன்னலும் மரச்சாமான்களும் இருக்கும் உண்மையான அறையில் இவ்வளவு இருக்காது, ஆனால் போக்கு இதுதான். அறை பால்போல் வெளுத்துப் போகும், நிழல்கள் கரைந்துவிடும், சோபா மிதக்கும். கணக்கிடும் நேரமும் கூடும், ஏனென்றால் ஒளி சாகவே மாட்டேன் என்கிறது.

நாம் பேசும் எல்லா ரெண்டரர்களும் 1986-இல் ஜேம்ஸ் கஜியா எழுதிய ரெண்டரிங் சமன்பாட்டைத்தான் தீர்க்க முயல்கின்றன. சில நேர்மையாக, சில குறுக்கு வழியில். விடை ஒன்றுதான். ஒரே அறையை ஒரே மதிப்புகளோடு கொடுத்தால் வி-ரேவும் கொரோனாவும் சைக்கிள்ஸும் அருகருகேதான் வந்து நிற்கும். ஆகவே முதலில் தரை, வெளிநிலம், சுவர் மதிப்பு மூன்றையும் சரிசெய்துவிட்டு, அந்தப் பழைய ரியல்டைம் மென்பொருளிலேயே இன்னொரு முறை போட்டுப் பாருங்கள்.

#5 – சாளரவெளிச்சம்

கதிர்த்தடம், சுவர் 250. வெளியே ஒன்றுமே இல்லை. இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். திருத்திப் பார்த்துவிட்டு வருகிறேன். ஆனாலும் மாற வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறது, பேச்சை நிறுத்திவிடாதீர்கள்.

#6 – தச்சுப்பட்டறை

கதிர்த்தடம் சொன்னதில் ஓர் எழுத்தையும் மறுக்க மாட்டேன். ஆனால் "விடை ஒன்றுதான்" என்பது படத்துக்குப் பொருந்தும், தொழிலுக்குப் பொருந்தாது. எங்கள் அலுவலகத்தில் ஒரு அறையை முதல் முறை ரெண்டர் செய்வதற்கு ஆகும் நேரத்தை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. ஐந்தாவது திருத்தத்துக்கு ஆகும் நேரம்தான் எங்களைக் கொல்கிறது.

"அந்த மூலை விளக்கை மட்டும் கொஞ்சம் மஞ்சளாக்குங்கள்." "உட்கூரையின் மறைவிளக்கை அணைத்தால் எப்படி இருக்கும்?" "மாலை நேரம் வேண்டும்." இப்படித்தான் வரும். கொரோனாவில் லைட்மிக்ஸ் என்று ஒன்று இருக்கிறது. வி-ரேவிலும் 5-ஆம் பதிப்பில் வந்துவிட்டது. ஒருமுறை ரெண்டர் செய்துவிட்டால் ஒவ்வொரு விளக்கின் அளவையும் நிறத்தையும் பிறகு படத்தின் மேலேயே மாற்றலாம், மறுபடி கணக்கிட வேண்டியதில்லை. வாடிக்கையாளர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே 4000 கெல்வின் விளக்கை 2700-க்கு இறக்கிக் காட்டியிருக்கிறேன். ஒரே படத்திலிருந்து பகல், அந்தி, இரவு மூன்றையும் எடுக்கலாம். வெளித்தோற்றப் படத்துக்கு இது ஒரு வசதி. உள்ளரங்கத்தில் இதுவே உயிர்நாடி, ஏனென்றால் உள்ளரங்கம் என்பதே விளக்குகளைப் பற்றிய பேச்சுதான்.

இரண்டாவது, மரச்சாமான்கள். விலைக்குக் கிடைக்கும் நல்ல சோபா, நாற்காலி, விளக்கு மாடல்களில் பெரும்பகுதி 3டிஎஸ் மேக்ஸ் கோப்பாக, வி-ரே அல்லது கொரோனா மெட்டீரியலோடு வருகிறது. திறந்தால் அப்படியே உட்கார்ந்துவிடும். வேறு மென்பொருளுக்குக் கொண்டுபோனால் வடிவம் வரும், துணியின் பளபளப்பும் தோலின் சுருக்கமும் வழியில் உதிர்ந்துவிடும். அதையெல்லாம் மறுபடி கட்ட ஒரு நாற்காலிக்கு அரைமணி நேரம் என்று வையுங்கள், ஓர் அறையில் எத்தனை பொருள்!

கொரோனாவும் வி-ரேவும் இன்று ஒரே குடும்பம். பிராகில் ஒரு மாணவர் திட்டமாக 2009-இல் தொடங்கிய கொரோனாவை, வி-ரேவை உருவாக்கிய கேயாஸ் நிறுவனம் 2017-இல் வாங்கிக்கொண்டது. 2022-இல் ரியல்டைம் ரெண்டரரான என்ஸ்கேப்பும் அதே குடையின்கீழ் வந்தது. ஆகவே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போவது முன்புபோல் கடினமில்லை. ஸ்கெட்ச்அப்பை விட மனமில்லை என்றால் உங்களுக்கு வி-ரேதான் இயல்பான இடம்.

#7 – மூன்றாம்கோணம்

எல்லோரும் சைக்கிள்ஸைத் தாண்டிப் போகிறீர்கள். அது 2011 முதல் பிளெண்டரில் இருக்கிறது, 2021 டிசம்பரில் 3.0 பதிப்போடு உள்கட்டமைப்பே புதிதாக எழுதப்பட்டது. நான் முழுநேரமும் உள்ளரங்கப் படங்களை அதில்தான் செய்கிறேன், வாடிக்கையாளர் யாரும் எந்த மென்பொருள் என்று கேட்டதில்லை. உரிமம் முடிந்துவிடுமோ என்ற கவலை இல்லை. முன்பு ஓர் இடத்தில் வேலை பார்த்தபோது படம் ஒப்படைக்க வேண்டிய நாளன்று காலையில் உரிமம் காலாவதியாகி, மாலை வரை கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம். அந்த நாளை நான் மறக்கவில்லை.

ஆனால் உள்ளரங்கத்துக்கு சைக்கிள்ஸின் இயல்பு அமைப்புகள் சரியில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். நிறையப் பேர் அங்கேதான் ஏமாந்து "பிளெண்டர் மங்கலாக இருக்கிறது" என்று திரும்பிவிடுகிறார்கள். இரண்டு இடங்களைச் சொல்கிறேன்.

முதலாவது துள்ளல்களின் எண்ணிக்கை. மொத்தம் 12 என்று இருக்கும். ஆனால் சுவர் போன்ற மங்கலான பரப்புகளுக்கு வெறும் 4. கதிர்த்தடத்தின் மூடிய பெட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள்: 0.8 சுவரில் நான்கு துள்ளலுக்குப் பிறகும் 0.41 பங்கு ஒளி உயிரோடு இருக்கிறது. அதை அப்படியே வெட்டி எறிந்தால் மூலைகள் இருளாமல் என்ன செய்யும்? நான் 8 அல்லது 10 வைக்கிறேன்.

இரண்டாவது ஜன்னல் கண்ணாடி. இது எல்லாப் பாத் டிரேசர்களுக்கும் (ஒளிக்கதிரின் பாதையைத் துள்ளல் துள்ளலாகப் பின்தொடர்ந்து கணக்கிடும் ரெண்டரர்கள்) பொது. ஒளிவிலகல் உள்ள கண்ணாடியை ஜன்னலில் வைத்தால், அறைக்குள் இருக்கும் ஒரு புள்ளியிலிருந்து சூரியனை நோக்கி ரெண்டரர் நேர்க்கதிர் விட முடியாது, கண்ணாடி குறுக்கே நின்று மறிக்கும். வெயில் உள்ளே வராது, அல்லது எரிபுள்ளிகளாக (தனித்தனியே மின்னும் பிக்சல்களாக) வந்து படத்தைக் கெடுக்கும். கொரோனாவில் கண்ணாடியை மெல்லியது, விலகல் இல்லாதது என்று குறித்துவிட்டால் தீர்ந்தது. வி-ரேவில் நிழலைப் பாதிக்கட்டும் என்ற தேர்வு இருக்கிறது. சைக்கிள்ஸில் அதை நாமே கட்ட வேண்டும்: நிழல் கதிராக இருந்தால் கண்ணாடி முழுக்க ஊடுருவத்தக்கதாக நடந்துகொள்ளட்டும் என்று ஒரு கலப்பு. இரண்டு நிமிட வேலை. ஆனால் தெரியாதவருக்கு இரண்டு நாள்.

தச்சுப்பட்டறை சொன்ன லைட்மிக்ஸ் போலவே இங்கும் 3.2 பதிப்பு முதல் விளக்குக் குழுக்கள் உண்டு. அதைத் தொகுப்பு முனைகளில் (ரெண்டர் ஆன படங்களை ஒன்றாக இணைக்கும் பகுதி) நாமே இணைத்துக்கொள்ள வேண்டும். வாடிக்கையாளர் முன்னால் இழுத்துக் காட்டும் அளவுக்கு அழகாக இல்லை, உண்மை. மரச்சாமான் விஷயத்தில் என்னிடம் பதிலே இல்லை, அது நியாயமான குறை.

#8 – நடைவழி

ரியல்டைம் என்றாலே இரண்டாந்தரம் என்று பேசுவது பழைய கதை. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் கிராபிக்ஸ் அட்டைகள் 2018-இல் வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. டி5, கேயாஸ் வான்டேஜ் இரண்டும் கதிர்களை வன்பொருளிலேயே தடம் பிடிக்கின்றன. லூமியனும் 2023 பதிப்பில் ரே டிரேசிங்கைக் கொண்டுவந்துவிட்டது. ட்வின்மோஷனில் பாத் டிரேசரே இருக்கிறது. "அட்டை வீடு" என்பது எல்லா ரியல்டைம் மென்பொருளின் குணமும் அல்ல.

உங்கள் பழைய மென்பொருள் எது என்று நீங்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் அன்ரியல் எஞ்சின் 5-இன் லூமென் என்ற ஒளிக்கணக்கு முறையை வைத்து ஒன்று சொல்கிறேன், உள்ளரங்கக்காரர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. அது மென்பொருள் வழியில் இயங்கும்போது அறையின் வடிவத்தை ஒரு தோராயமான தொலைவுப் புலமாக (எந்தப் புள்ளியும் அருகிலுள்ள பரப்பிலிருந்து எவ்வளவு தூரம் என்ற கணக்காக) மாற்றி வைத்துக்கொள்கிறது. சுவர் மெல்லிசாக இருந்தால் அதற்கு அந்தச் சுவர் தெரிவதே இல்லை, வெளிச்சம் கசியும். சுவருக்குக் குறைந்தது 10 செ.மீ. தடிமன் வேண்டும் என்பது அதனால்தான். ஸ்கெட்ச்அப்பில் சுவரை ஒற்றைத் தளமாக வரைந்து பழகிய நம்மில் பலருக்கு இங்கேதான் அடி விழும். உட்கூரை ஓரத்தில் இனம்தெரியாத வெளிச்சக் கீற்று, சுவரடியில் சோகை பிடித்த நிழல் எல்லாம் இதன் விளைவு. சோபா மிதப்பதற்கும் தடிமன் இல்லாத தரை காரணமாக இருக்கலாம், பாருங்கள்.

அதோடு, வாடிக்கையாளரை அறைக்குள் நடக்க வைப்பதற்கு இணையாக எதுவும் இல்லை. அலமாரிக்கும் கட்டிலுக்கும் நடுவே நிற்க இடம் இருக்கிறதா என்பதை அவரே நடந்து பார்த்து, அந்த இடத்திலேயே முடிவு சொல்லிவிடுகிறார். அழகான அசையாப் படம் இதைச் செய்யாது.

#9 – நான்காம்சுவர்

நடைவழி, நடந்து பார்ப்பதற்கு நான் எதிரி இல்லை. ஆனால் கண்ணாடி அலமாரி, அதற்குள் கண்ணாடிக் குவளைகள், பின்னால் ஒரு நிலைக்கண்ணாடி, அதில் தெரியும் விளக்கு என்று ஓர் உணவறை செய்து பாருங்கள். பிரதிபலிப்புக்குள் பிரதிபலிப்பு போகும்போது ரியல்டைம் எங்கே குறுக்கு வழி எடுக்கிறது என்பது அப்பட்டமாகத் தெரியும். அச்சுக்குப் போகும் படத்தில் அதை மறைக்க முடியாது. நான் கொரோனாவைப் பிடித்துக்கொண்டிருப்பது அந்தக் கடைசிப் பத்து சதவீதத் தரத்துக்காக.

#10 – நடைவழி

ஒப்புக்கொள்கிறேன். குவளை அலமாரிக்கு நானும் பாத் டிரேசருக்குத்தான் போவேன்.

#11 – கதிர்த்தடம்

12 ஜிபி அட்டை என்று எழுதியிருந்தீர்கள். ஜிபியு ரெண்டரர்களை (கிராபிக்ஸ் அட்டையில் ஓடுபவற்றை) எடைபோடும்போது அந்த எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

4096 பிக்சல் சதுர டெக்ஸ்சர் (பொருளின்மேல் போர்த்தும் படம்) ஒன்று, சுருக்காமல், பிக்சலுக்கு 4 பைட் என்றால் 64 எம்பி. 8192 என்றால் 256 எம்பி. கோப்பு ஜேபெக்கில் 5 எம்பி-யாக இருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது, அட்டைக்குள் அது விரிந்துதான் உட்காரும். ஒரு மெட்டீரியலுக்கு நிறம், சொரசொரப்பு, மேடுபள்ளம் என்று மூன்று படங்கள். வாங்கிய சோபாவில் மெத்தைக்கு ஒன்று, காலுக்கு ஒன்று, தையலுக்கு ஒன்று என எல்லாமே 8192-இல் இருக்கும். அந்த ஒரே சோபா 2 ஜிபி-யைத் தாண்டிவிடும், அது படத்தின் மூலையில் 200 பிக்சல் அகலத்தில் நிற்கும்! அதன்மேல் இழை இழையாக முடி வைத்த தரைவிரிப்பும் சேர்ந்தால் 12 ஜிபி காலி. நிறைய ரெண்டரர்கள் இப்போது டெக்ஸ்சர்களைச் சுருக்கியோ கணினி நினைவகத்துக்குத் தள்ளியோ சமாளிக்கின்றன. ரெட்ஷிஃப்ட் என்ற ரெண்டரர் இதில் பெயர் பெற்றது. ஆனாலும் தள்ளத் தள்ள வேகம் குறையும். ஒரு ஜிபியு ரெண்டரரில் இரவு முழுக்க ஓடட்டும் என்று விட்டுவிட்டுப் போய், காலையில் நினைவகம் போதவில்லை என்ற ஒற்றை வரியைப் பார்த்த அனுபவம் எனக்கு உண்டு. இரண்டு அட்டைகள் போட்டால் நினைவகம் இரட்டிப்பாகும் என்றும் எண்ண வேண்டாம். பொதுவாக அறை முழுவதும் ஒவ்வோர் அட்டையிலும் தனித்தனியாக ஏற வேண்டும்.

கொரோனா சிபியுவில் மட்டுமே ஓடும். உங்கள் 64 ஜிபி அங்கே பெரிய நிம்மதி. வி-ரேவிலும் சைக்கிள்ஸிலும் சிபியு, ஜிபியு இரண்டும் உண்டு. டி5-க்கு அட்டைதான் எல்லாம்.

#12 – வெண்சுவர்

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நிறம் பற்றி யாரும் பேசவில்லையே என்பதற்காக எழுதுகிறேன்.

நான் பெயின்ட், துணித் தேர்வுப் பக்கத்தில் இருப்பவள். எங்கள் வாடிக்கையாளர்கள் நிற அட்டையைத் திரையின் மேலேயே வைத்துப் பார்க்கிறார்கள். "இந்தப் பச்சை அந்தப் பச்சை இல்லையே" என்பார்கள். அப்போது நம் மாடலர் மெட்டீரியலில் பச்சையைக் கூட்டுகிறார். அது தவறு. தவறு இருப்பது படத்தைக் கடைசியாகத் திரைக்கு மாற்றும் இடத்தில். பிளெண்டர் 4.0 முதல் ஏஜிஎக்ஸ் என்ற நிறமாற்றம் இயல்பாக வருகிறது. அதற்கு முன் ஃபில்மிக். இரண்டுமே மிகை வெளிச்சத்தை மென்மையாக இறக்குவதற்காக அடர்நிறங்களைக் கொஞ்சம் வெளிறச் செய்கின்றன. ஜன்னலோரம் அழகாகிறது, பெயின்டின் நிறம் நகர்ந்துவிடுகிறது. கொரோனாவிலும் வி-ரேவிலும் அவற்றுக்கே உரிய டோன் மேப்பிங் (இதேபோன்ற கடைசி மாற்றம்) உண்டு. "கொரோனா தோற்றம்" என்று மக்கள் மயங்குவதில் கணிசமான பகுதி, அதன் ஒளிக்கணக்கு அல்ல, இந்தக் கடைசித் திரைமாற்றமே என்பது என் உறுதியான எண்ணம். ஒரே இஎக்ஸ்ஆர் கோப்பை (திரைக்கு மாற்றும் முன்பான படக்கோப்பு) இரண்டு விதமாக மாற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இரண்டு மென்பொருளில் செய்த படங்கள் என்று சத்தியம் செய்வீர்கள்.

நான் செய்யச் சொல்வது: அறைக்குள் சுவரோரம் ஒரு சிறு நடுச்சாம்பல் பலகையை வைத்து ரெண்டர் செய்யுங்கள். அந்தச் சாம்பல் மஞ்சளாகத் தெரிந்தால் வெள்ளைச் சமநிலையைத் திருத்துங்கள், பெயின்டைத் தொடாதீர்கள். 2700 கெல்வின் விளக்கின்கீழ் வெள்ளைச் சுவர் மஞ்சளாகத்தான் இருக்கும். மனிதக் கண் அதைத் தானே சரிசெய்துகொள்ளும், கேமரா செய்யாது. இதை வாடிக்கையாளருக்கு முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்டால் பாதிச் சண்டை வராது.

#13 – சாளரவெளிச்சம்

பத்து நாள் ஆயிற்று. எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. வேலைக்கு நடுவே அதே வரவேற்பறையை வி-ரே, சைக்கிள்ஸ், டி5 மூன்றிலும் போட்டேன். கொரோனாவை விட்டுவிட்டேன், இப்போதைக்கு 3டிஎஸ் மேக்ஸ் கற்க நேரமில்லை.

முதலில் உட்கூரை. சுவரை 231-க்கு இறக்கினேன். எல்லாச் சுவருக்கும் தரைக்கும் 15 செ.மீ. தடிமன் கொடுத்தேன். ஜன்னலுக்கு வெளியே வெளிர்மண் நிறத்தில் ஒரு தளம் விரித்தேன். பழைய மென்பொருளிலேயே அறை மூச்சுவிட ஆரம்பித்துவிட்டது! சோபா தரையில் உட்கார்ந்தது, நடைவழி சொன்னதுபோல் தரைத் தடிமன்தான் காரணம். ஆனால் உள்மூலை இன்னும் கொஞ்சம் மங்கல். வி-ரேவில் போட்டேன், மங்கல். சைக்கிள்ஸில் துள்ளல் 10 வைத்துப் போட்டேன், அதே மங்கல். அப்போதுதான் கதிர்த்தடம் தரையைப் பற்றிச் சொன்னது உறைத்தது. ஜன்னலுக்கு முன்னால் வெளிர்நிறத் தரைவிரிப்பு ஒன்றைப் போட்டேன், வெயில் விழும் இடத்தில் சரியாக. உட்கூரை முழுவதும் எழுந்துவிட்டது. மூன்று மென்பொருளிலும். வடிவமைப்பாளரிடம் காட்டினேன், அறையிலேயே அப்படி ஒரு விரிப்பைச் சேர்க்கப் போகிறார்கள்.

மூன்றில் எது என்ற கேள்விக்கு என் கண்ணால் கண்டது இதுதான். பகல்வெளிச்சத்தில், சோபாவும் சுவரும் மட்டும் தெரியும் கோணத்தில், மூன்று படங்களையும் அடையாளம் நீக்கி என் வீட்டில் காட்டினேன், யாராலும் பிரிக்க முடியவில்லை. திரைச்சீலை தெரியும் கோணத்தில் பிரிந்துவிட்டது. வெயில் லினனுக்குள் ஊடுருவி, மடிப்பு இரட்டையாக இருக்கும் இடத்தில் அடர்ந்து, ஒற்றையாக இருக்கும் இடத்தில் வெளிர வேண்டும். வி-ரேவிலும் சைக்கிள்ஸிலும் அந்த மடிப்புகளை எண்ணிவிடலாம். நான் வைத்த டி5 அமைப்பில் திரை ஒரே சீராக ஒளிர்ந்தது. எனக்குச் சரியாக வைக்கத் தெரியாமலும் இருக்கலாம்.

இரண்டாவது கேள்வி ஒன்று வந்திருக்கிறது. வி-ரேவில் டீநாய்சர் (இரைச்சல் புள்ளிகளைத் துடைக்கும் கருவி) போட்டவுடன் அதே லினனின் நெசவு காணாமல் போய்விட்டது. இழை இழையாக இருந்தது, மெழுகு பூசியதுபோல் ஆகிவிட்டது. டீநாய்சரை எடுத்தால் உட்கூரையில் இரைச்சல் புள்ளிகள். என்ன செய்யலாம்?

#14 – கதிர்த்தடம்

டீநாய்சருக்கு நெசவும் இரைச்சலும் ஒன்றுபோலத்தான் தெரிகின்றன. இரண்டுமே பக்கத்துப் பிக்சலோடு ஒத்துப்போகாத நுண்புள்ளிகள். அது நிறம், பரப்பின் திசை ஆகிய துணைப்படங்களைப் பார்த்து எது உண்மை விவரம் என்று ஊகிக்கும். நெசவு நிறப்படத்தில் இருந்தால் பெரும்பாலும் காப்பாற்றும். வெறும் மேடுபள்ளப் படத்தில் மட்டும் இருந்தால், அதிலும் பின்னாலிருந்து ஒளி ஊடுருவும்போது, கைவிட்டுவிடும். ஆகவே லினனின் நிறப்படத்திலேயே இழை லேசாகத் தெரியும்படி செய்யுங்கள்.

பிறகு, இரைச்சல் எவ்வளவு மிச்சம் இருக்கும்போது டீநாய்சரிடம் ஒப்படைக்கிறீர்கள் என்பது முக்கியம். இரைச்சலைப் பாதியாக்க நான்கு மடங்கு சாம்பிள்கள் (பிக்சலுக்கு விடும் கதிர்கள்) வேண்டும், 256-க்கு 1024. அந்த ஒரு படியை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். உட்கூரையில் மிஞ்சும் மென்புள்ளிகளை அது சுலபமாகத் துடைத்துவிடும், துணியின்மேல் கை வைக்காது.

#15 – தச்சுப்பட்டறை

இன்னும் எளிய வழி: டீநாய்சர் போட்ட படம், போடாத படம் இரண்டையும் சேமியுங்கள். திரைச்சீலை இருக்கும் பகுதிக்கு மட்டும் போடாத படத்தை மேலே வைத்து மறைப்பு (மாஸ்க்) வரையுங்கள். திரைக்குத் தனி அடையாள வண்ணம் கொடுத்து ரெண்டர் செய்திருந்தால் மறைப்பு ஒரு சொடுக்கில் வந்துவிடும். துணியில் கொஞ்சம் மணல் இருந்தால் கண்ணை உறுத்தாது.

#16 – மூன்றாம்கோணம்

வி-ரே பக்கம் சாய்ந்துவிட்டீர்கள் என்று தெரிகிறது. வருத்தமில்லை. சைக்கிள்ஸ் கோப்பை அழித்துவிடாதீர்கள், அந்தத் திரைச்சீலை மெட்டீரியலை எனக்கு அனுப்பினால் மகிழ்வேன்.

#17 – சாளரவெளிச்சம்

ஆமாம், வி-ரேதான். காரணம் படம் அல்ல. பத்து நாளில் அந்த அறைக்கு நான்கு திருத்தங்கள் வந்தன, நான்கும் ஸ்கெட்ச்அப்பில் சுவரையோ அலமாரியையோ நகர்த்தும் திருத்தங்கள். வி-ரே அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. சைக்கிள்ஸுக்கு ஒவ்வொரு முறையும் ஏற்றுமதி செய்து மெட்டீரியல்களைச் சரிபார்க்க வேண்டியிருந்தது.

மூன்றாம்கோணம், கோப்பை இன்று மாலை அனுப்புகிறேன், லினனின் நிறப்படத்தையும் சேர்த்து. 1024 சாம்பிளில் ரெண்டர் ஓடிக்கொண்டிருக்கிறது, ஜன்னலின் இடது ஓரம் வரை தெளிந்துவிட்டது. மடிப்புக்குள் நெசவு இருக்கிறது.